மணியில் கட்டிய துணி

சென்ற வாரம் ஹட்டன் பஸ் நிலையத்துக்குப் பின்னால் உள்ள சைக்கிள் கடையில் மழைக்கு ஒதுங்கி நின்றேன். கடைக்காரர் ஒரு டியூபைத் தண்ணீர்ச் சட்டியில் அமுக்கிக் குமிழி தேடிக்கொண்டிருந்தார். துளை அகப்பட்டதும் துடைத்தார், தேய்த்தார், சொலூஷன் குழாயின் மூடியைத் திருகினார். வாசனை வந்தது. நான் ஏற வேண்டிய பஸ் போய்விட்டது. அடுத்ததும் போய்விட்டது. அதற்குப் பிறகுதான் நான் நின்றுகொண்டிருப்பதே எனக்குத் தெரிந்தது.

நான் எதையும் ஒழுங்காகக் குறித்து வைக்கிற ஆள். மழை எப்போது பிடித்தது, குடையை எந்தக் கடையில் விட்டேன் என்பதுகூட என் டயரியில் இருக்கும். "குடையத் தொலைக்காம இருந்தா அத எழுதவே வேணாமே" என்பாள் என் மனைவி. ஆனால் அந்தச் சொலூஷன் வாசனைக்கு முன்னால் என் ஒழுங்கு நிற்காது. அது வந்தால் முதலில் அந்தோணியின் கணுக்கால் ஞாபகம் வரும். அட்டை கடித்த தழும்புகள் நிறைந்த, கட்டை போன்ற கணுக்கால்.

அந்தோணி எங்கள் தோட்டத்தின் தபால்காரன். தினமும் பொகவந்தலாவைக் கடைவீதிக்கு இறங்கித் தோட்டத்துத் தபால் பையை எடுத்துக்கொண்டு ஏறி வருவான். நான் மடுவத்தில், அதாவது கொழுந்து நிறுக்கிற கொட்டகையில், தராசு பிடித்தேன். இரண்டு பேருக்கும் இருபது வயது ஆகவில்லை. ஐம்பதுகளின் நடுப்பகுதி. அவனிடம் சொந்தமாக ஒரு சைக்கிள் இருந்தது, மாற்றலாகிப் போன ஒரு கிளாக்கர் விட்டுச்சென்றது. பிரேக் ஒரு பக்கம்தான் பிடிக்கும். மணி மட்டும் அபாரம். "கோயில் மணி மாதிரி இருக்குடா" என்று நான் ஒருமுறை சொன்னதற்கு, "சர்ச்சு மணின்னு சொல்லு. சைக்கிளு என்னோடது" என்றான்.

பொகவந்தலாவையைப் பார்க்காதவர்கள் அந்தக் கடைக்காரரின் தண்ணீர்ச் சட்டியை நினைத்துக்கொள்ளுங்கள். சட்டியின் அடியில் ஆறும் கடைவீதியும். சுற்றிலும் தேயிலை ஏறிப் போகும். விளிம்புக்குச் சற்றுக் கீழே எங்கள் மேற்பிரிவு லயம், ஒரே கூரையின் கீழ் வரிசையாக அறைகள். விளிம்பில் அங்கங்கே சட்டியின் வாய் உடைந்தது போல இடுக்குகள். கணவாய் என்று புத்தகத்தில் எழுதுவார்கள். எங்களுக்கு அவை இடுக்குத்தான். ஒவ்வொரு இடுக்குக்கும் அந்தப் பக்கத்தில் வேறொரு பள்ளத்தாக்கு இருக்கிறது என்பது, ஏழு நாளில் ஆறு நாள் தராசு முள்ளையே பார்த்துக்கொண்டிருந்த எனக்குப் பெரிய ஆறுதலாக இருந்தது.

ஆகவே ஞாயிற்றுக்கிழமைகளை இடுக்குகளுக்குக் கொடுத்தோம். அந்தோணி காலைப் பூசை முடிந்து வருவான். நான் ரொட்டியையும் சம்பலையும் இலையில் கட்டி வைத்திருப்பேன். அட்டைக்குக் காலில் சவர்க்காரம் தேய்த்துக்கொள்வோம். ஒரு சைக்கிள், இரண்டு பேர். ஏற்றத்தில் ஒருவன் தள்ள, மற்றவன் பின்னால் முட்டுக்கொடுப்பான். இறக்கத்தில் ஒருவன் ஏறிப் போக, மற்றவன் ஓடுவான். சமதரையில் இரண்டு பேரும் ஏறலாம். ஆனால் எங்கள் பக்கத்தில் சமதரை என்பது பந்து விளையாடுகிற இடம் மட்டுந்தான். மலையேற எதற்கடா சைக்கிள் என்று ஊரே கேட்டது. "சைக்கிளு இருந்தா பிரயாணம். இல்லாட்டி வெறகு பொறுக்கப் போறோம்னு நெனப்பாங்க" என்பது அந்தோணியின் பதில்.

மஸ்கெலியாப் பக்கத்து இடுக்கில் ஏறி நின்றபோது, சிவனொளிபாதமலை பக்கத்து வீட்டுக் கூரை போல அத்தனை கிட்டத்தில் தெரிந்தது. நான் வாயைப் பிளந்து நின்றேன். அந்தோணி சம்பலில் உப்புக் குறைவு என்றான். அப்படித்தான் நாங்கள்.

இது வெறும் விளையாட்டில்லை என்பதையும் சொல்லவேண்டும். அந்தக் காலத்தில் ஒரு தோட்டத்து ஆள் இன்னொரு தோட்டத்துக்குள் காரணமில்லாமல் கால் வைத்தால் அது குற்றம். அதிலும் அக்கரப்பத்தனைப் பக்கம், எங்கள் உச்சி மலைக்கு நேர் பின்னால் இருந்த தோட்டத்தில், அந்த வருஷம் வேலைநிறுத்தம் நடந்து ஓய்ந்திருந்தது. வெளி ஆள் யாரைக் கண்டாலும் சங்கத்துக்காரன் என்றுதான் பிடித்தார்கள். அந்தத் தோட்டத்துத் துரையும் எங்கள் துரையும் ஒரே கிளப்பில் டென்னிஸ் ஆடுகிறவர்கள். அங்கிருந்து ஒரு வார்த்தை வந்தால் என் அப்பாவுக்குப் பத்துச்சீட்டு. பத்துச்சீட்டு என்றால் வேலை போவது மட்டுமில்லை. லயத்து அறையையும் விட்டு, சட்டிபானையோடு, அம்மாவும் தம்பி தங்கைகளும் ரோட்டில் நிற்கவேண்டும். குற்றம் மகனுடையதாக இருந்தாலும் சீட்டு குடும்பத்துக்குத்தான். அப்பா அந்த இடுக்கைக் கையால் சுட்டிக்காட்டி, "அது பக்கம் போன, கால ஒடிச்சிருவேன்" என்று சொல்லியிருந்தார்.

இடுக்குவரை போய்த் திரும்பிவிடுவது என்று முடிவு செய்தோம். எல்லை தாண்டாவிட்டால் குற்றமில்லையே. தேயிலை முடிந்து, காட்டுத்துண்டு முடிந்து, பத்தனைப் புல்வெளி வந்தது. மேலே தட்டையான ஒரு புல்மேடு. அங்கே நின்று அந்தப் பக்கம் எட்டிப் பார்ப்பதற்குள் பனி மூடியது. மலைப் பனி வருவதை நீங்கள் பார்த்திருப்பீர்கள். அது வருவதில்லை. இருந்த மலைதான் இல்லாமல் போகிறது. முன் சக்கரம் தெரியவில்லை. திரும்பினோம். அப்படித்தான் நினைத்தோம். இறங்கும்போது பின் டயர் முள்ளில் ஏறி உஸ்ஸென்று படுத்தது. என் சட்டைப்பையிலிருந்த சொலூஷன் குழாயைப் பிதுக்கினால் உள்ளே காய்ந்துபோயிருந்தது. வாசனை மட்டும் வந்தது.

"தள்ளிக்கிட்டே போவம். கீழதான எறங்குறோம்" என்றான் அந்தோணி.

ஒரு மழைத்தண்ணீர்க் கானைப் பிடித்து இறங்கினோம். தேயிலை வந்தது. எனக்கு நிம்மதி. பத்தடி போனதும் என் கை ஒரு செடியின் தலையில் பட்டது. நின்றுவிட்டேன். எங்கள் உச்சி மலையில் அந்த மாதந்தான் கவ்வாத்து வெட்டியிருந்தார்கள். அங்கே செடிகள் முழங்காலுக்குக் கீழே மொட்டைக் குச்சிகளாக நிற்கவேண்டும். இங்கே இடுப்பளவு பச்சை, கொழுந்தோடு.

"டேய், இது நம்ம மலை இல்லடா."

அந்தோணி தடவிப் பார்த்தான். அடுத்த செடியையும் தடவினான். சைக்கிளை வந்த பக்கமாகத் திருப்பினான்.

"யார்ரா அது, சைக்கிளோட?"

பனிக்குள்ளிருந்து முதலில் கத்தி வந்தது, பிறகு கை, பிறகு கம்பளி போர்த்திய வாச்சர். சைக்கிளின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டார். எந்தத் தோட்டம் என்றார். சொன்னோம். எதற்கு வந்தீர்கள் என்றார். இடுக்குப் பார்க்க வந்தோம் என்றால் யார் நம்புவார்கள்?

"சங்கத்து நோட்டீசு எங்க? சைக்கிள் சீட்டுக்கு அடியில வச்சிருக்கீங்களா?"

"நோட்டீசெல்லாம் இல்லண்ணே" என்றான் அந்தோணி.

"கண்டாக்கையாகிட்ட சொல்லு, வா. அவரு தொரைகிட்ட சொல்வாரு. உங்க தொரைக்குப் போன் போடுவாங்க. நடங்க."

நடந்தோம். ஒவ்வொரு அடிக்கும் எங்கள் அறை காலியாவது எனக்குத் தெரிந்தது. முதலில் அம்மாவின் அம்மி. பிறகு அப்பாவின் கம்பளி. பிறகு தங்கைகளின் பாய்.

லயத்தின் முதல் வீட்டு வாசலில் ஒரு பெண் நின்றாள். வாச்சரைப் பார்த்தாள், எங்களைப் பார்த்தாள், நனைந்து நடுங்குகிறோமே என்று உள்ளே போய் இரண்டு கோப்பைத் தேத்தண்ணியோடு வந்தாள்.

"இந்தாங்க தம்பி, குடிங்க. உக்காருங்க."

வாச்சரின் கை இன்னும் சைக்கிளில்தான் இருந்தது. "வேணாங்க. அவசரம்" என்றேன். உட்காரவும் இல்லை. அந்தோணியும் என்னைப் பார்த்துத் தலையை ஆட்டி மறுத்துவிட்டான்.

அவள் கையிலிருந்த கோப்பைகள் அப்படியே நின்றன. "எந்தத் தோட்டம் தம்பி?" என்றாள். குரல் மாறியிருந்தது. சொன்னேன்.

"ஐயோ! கருப்பையாண்ணே!"

கோப்பைகள் கீழே விழுந்தன. அவள் லயத்தின் மறுகோடிக்கு ஓடினாள். எனக்கு ஒன்றும் புரியவில்லை. அந்தோணிதான் முதலில் புரிந்துகொண்டான். என் முழங்கையைப் பிடித்தான். "மாப்ள, கேதம் சொல்ல வந்திருக்கோம்னு நெனச்சிருச்சு."

தோட்டத்துக்குத் தோட்டம் சாவுச் செய்தி அன்று ஆள் வழியாகத்தான் போகும். இரண்டு பேராகப் போவார்கள். குறுக்கு வழியில் போவார்கள். போன இடத்தில் உட்காரமாட்டார்கள், ஒரு வாய்த் தண்ணீர் வாங்கமாட்டார்கள். சொல்லிவிட்டுத் திரும்பிவிடுவார்கள். அவர்களை எந்த வாச்சரும் தடுப்பதில்லை, எந்தத் துரையும் கேட்பதில்லை. இடுக்கு வழியாக, இரண்டு பேராக, நனைந்துபோய் வந்து, நின்றபடியே தேத்தண்ணியை மறுத்திருந்தோம். இதைவிடத் தெளிவாக ஒரு சாவை வாய் திறக்காமல் சொல்லமுடியாது.

வாச்சரின் கை சைக்கிளை விட்டது. "கேதமா? மொதல்லயே சொல்றதுக்கென்னப்பா. நான் வேற என்னென்னமோ பேசிட்டேன்" என்றார். தலையில் கட்டியிருந்த துண்டையும் அவிழ்த்தார்.

கதவுகள் திறந்தன. ஒரு குழந்தை அழத் தொடங்கியதும் அதன் வாயைப் பொத்தினார்கள். மறுகோடியிலிருந்து ஓர் ஆள் வந்தார். ஐம்பது வயதிருக்கும், சட்டை போடாமல், ஒரு கையில் பாதி சாப்பிட்ட சோறு ஒட்டியிருந்தது. கருப்பையா. என் முன்னால் வந்து நின்றார்.

"அக்காவா?" என்றார்.

அவருடைய அக்கா மீனாட்சி எங்கள் லயத்தில்தான் இருந்தாள். நான் பெரியம்மா என்று கூப்பிடுகிற மீனாட்சி. தன் மகனுக்கு முறைப்பெண் கேட்டும் தம்பி தன் பெண்ணை வெளியில் கட்டிக்கொடுத்ததிலிருந்து அவள் அந்தத் திசையைப் பார்ப்பதே இல்லை என்பது எங்கள் பிரிவுக்கே தெரியும். வருஷக்கணக்காகப் பேச்சில்லை.

ஆம் என்று தலையசைத்தால் போதும். வாச்சர் வழிவிடுவார். அப்பாவுக்குச் சீட்டு இல்லை. அறை எங்களுடையது. கருப்பையாவின் விரல்களில் சோற்றுப் பருக்கைகள் ஒவ்வொன்றாகக் காய்ந்துகொண்டிருந்தன. நான் ஏன் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன் என்று தெரியாது.

"இல்லீங்க மாமா" என்றேன். "பெரியம்மா நல்லாருக்காங்க. நேத்து அவங்க கொழுந்த நான்தான் நிறுத்தேன். தராசுல கைய வச்சுத் தூக்குறியாடா கழுதைன்னு என்னயத் திட்டினாங்க."

"திட்டுச்சா?"

"ஆமா மாமா. எங்க அப்பாவையும் சேத்து."

அவர் அப்படியே மண்ணில் உட்கார்ந்தார். தோள் குலுங்கியது. அழுகிறாரா என்று குனிந்து பார்த்தால் சிரிப்பு. இரண்டும்தான். "அப்ப அக்காதான். அதேதான்" என்றார்.

அதுவரை பொத்தி வைத்திருந்ததெல்லாம் லயத்தில் ஒரேயடியாக வெடித்தது. "பாவிப் பயலுகளா, தேத்தண்ணி வேணும்னா வேணும்னு சொல்லித் தொலைங்களேண்டா!" என்று அந்த முதல் வீட்டுப் பெண் என் முதுகில் ஓங்கி ஒன்று வைத்தாள். வாச்சருடைய கை மறுபடியும் சைக்கிளைப் பிடித்தது.

"கேதம் இல்லேன்னா வேற எதுக்கு வந்தாய்ங்க?"

"எங்க அக்கா வீட்டுப் பக்கத்துலேர்ந்து வந்த பிள்ளைங்க" என்று கருப்பையா எழுந்தார். "நானும் இவங்களோட போயி அக்காவப் பாத்துட்டு வாரேன். இவங்கதான் வழிகாட்டப் போறாங்க."

"வழி தெரியாமத்தான மாமா இங்க வந்து நிக்கிறோம்" என்றான் அந்தோணி. நான் அவன் காலை மிதித்தேன்.

வாச்சர் எங்களைப் பார்த்தார், கருப்பையாவைப் பார்த்தார், கடைசியில் பனியைப் பார்த்தார். "இந்தப் பனியில எனக்கு ஒண்ணும் தெரியல. யாரையும் நான் பாக்கல. ஆனா, காலையில பெரட்டுல பேரு கூப்பிடுறதுக்குள்ள நீ திரும்பி வந்துரணும்" என்று கருப்பையாவிடம் சொல்லிவிட்டுக் கைப்பிடியை விட்டார்.

மேலே ஏறுவது இறங்கியதைவிட மோசமாக இருந்தது. பொழுது சாயத் தொடங்கியிருந்தது. கருப்பையா முன்னால் போனார். கால் பழகிய வழிதான், ஆனால் புல் மூடியிருந்தது. ஓரிடத்தில் அவர் காலடியில் கல் உருண்டது. அது விழுந்து நின்ற சத்தம் கேட்க நேரமானது. "யாரும் நகராதீங்க" என்றார். நின்றோம். அவர் கையால் புல்லை விலக்கி விலக்கி மேடு எந்தப் பக்கம் என்று பார்த்தார். பிறகு அந்தோணியிடமிருந்து சைக்கிளை வாங்கித் தானே தள்ளிக்கொண்டு, நாலடிக்கு ஒருமுறை மணியை அடித்தார். அந்தச் சத்தத்தைப் பிடித்துக்கொண்டு நாங்கள் போனோம். மணி நின்றால் எங்கள் காலும் நிற்கும். மணி கேட்டால் நகரும். கவ்வாத்துக் குச்சி ஒன்று என் முழங்காலுக்குக் கீழே குத்தியபோது, வலித்த இடத்தைத் தடவிக்கொண்டே நான் சிரித்தேன்.

விளக்கேற்றுகிற நேரத்துக்கு லயத்துக்கு வந்தோம். மீனாட்சி பெரியம்மா வாசலில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். தலையை நிமிர்த்தித் தம்பியைப் பார்த்தாள். மறுபடி குனிந்து புடைத்தாள்.

"என்னடா, நான் செத்தாத்தான் வருவேன்னு இருந்தியா?"

"அப்படித்தான் சொன்னாங்க. அதான் வந்தேன்" என்றார் அவர். அவள் சுளகைக் கீழே வைத்தாள். நாங்கள் இரண்டு பேரும் சைக்கிளோடு நழுவினோம். என் அப்பா விஷயம் தெரிந்து காலை ஒடிக்கவில்லை. ஒரு வாரம் பேசவில்லை, அவ்வளவுதான்.

அதன் பிறகு அந்த இடுக்கு எங்களுடைய இடுக்கு ஆயிற்று. அக்காவிடமிருந்து தம்பிக்குப் பலாக்கொட்டை, தம்பியிடமிருந்து அக்காவுக்குக் கோழிக்குஞ்சு. இடுக்கின் உச்சியில் மணியடித்தால் கீழே பிள்ளைகள் "சைக்கிளு, சைக்கிளு" என்று கத்துவது கேட்கும். வாச்சர் எங்களைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொண்டு, "என்னா பனி, என்னா பனி" என்பார், நல்ல வெயிலில். முதல் வீட்டுப் பெண் தேத்தண்ணி கொண்டுவருவாள். அந்தோணி விறைப்பாக நின்று, "வேணாங்க. அவசரம்" என்பான். அவள் துண்டைச் சுருட்டி அவனை அடிப்பாள். லயமே சிரிக்கும். கருப்பையா மாமா வந்ததும் முதல் கேள்வி ஒன்றுதான்: "என்ன மாப்ள, அக்கா திட்டுச்சா?" திட்டியதை நான் ஒன்றுவிடாமல் ஒப்பிப்பேன். எனக்கு இந்த ஒழுங்குப் பைத்தியம் அப்போதே இருந்தது.

இரண்டு மழைக்காலம் போயிருக்கும். மூன்றாவது மழையில் மீனாட்சி பெரியம்மாவுக்குக் காய்ச்சல் கண்டது. தோட்டத்து மருந்தில் நிற்கவில்லை. ஒரு காலைப் பொழுதில் மூச்சு அடங்கிவிட்டது. எங்கள் தோட்டத்துத் தலைவர் என்னையும் அந்தோணியையும் கூப்பிட்டார்.

"அந்தப் பக்கம் நீங்கதான்யா போகணும். வழி தெரிஞ்சவங்க."

சீக்கிரம் போய்ச் சேரச் சைக்கிளை எடுத்துக்கொண்டோம். இடுக்கின் உச்சியில் அந்தோணி நின்றான். முகம் துடைக்கிற லேஞ்சியை எடுத்து மணியைச் சுற்றி இறுக்கிக் கட்டினான். "கல்லுல குதிச்சா அதுவா அடிச்சிரும்டா" என்றான்.

அன்று பார்த்துப் பனி இல்லை. மணி அடிக்காமலே பிள்ளைகள் எங்களைப் பார்த்துவிட்டார்கள். சைக்கிளு, சைக்கிளு. முதல் வீட்டுப் பெண் கோப்பைகளோடு வந்தாள்.

"இன்னைக்கு வேணாம்னா உட்டுருவனா? இந்தா, குடி."

"வேணாங்க" என்றான் அந்தோணி.

அவள் சிரித்தாள். துண்டைச் சுருட்டி அவன் தோளில் அடித்தாள். பக்கத்து வாசலில் நின்றவர்களும் சிரித்தார்கள். அந்தோணி அடியை வாங்கிக்கொண்டு நின்றான். சாவைச் சொல்ல எங்களிடம் இருந்த ஒரே வழியை நாங்களே சிரித்துச் சிரித்துத் தீர்த்திருந்தோம்.

கருப்பையா மாமா வேட்டியைக் கட்டிக்கொண்டே வந்தார். முகம் முழுக்கச் சிரிப்பு. "என்ன மாப்ள, அக்கா திட்டுச்சா?"

நான் வாயைத் திறந்தேன். அவர் என்னைப் பார்த்தார், அந்தோணியைப் பார்த்தார், பிறகு சைக்கிளைப் பார்த்தார். சிரிப்பு முகத்திலேயே இருந்தது. கண் மட்டும் மணியில் நின்றது. கை நீட்டி அந்தத் துணியைத் தொட்டார். அவிழ்க்கவில்லை.

நாங்கள் ஒன்றும் சொல்லவேண்டியிருக்கவில்லை.

கருப்பையா மாமா குடும்பம் பின்னால் இந்தியாவுக்குப் போய்விட்டது. அந்தோணி வட்டவளைப் பக்கம் பெண் கட்டி அங்கேயே இருந்தான். போன வருஷம் அவனும் போனான். செய்தி எனக்குத் தோட்டத்து ஆபீஸ் டெலிபோனில் வந்தது. ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. இடுக்கைக் கீழே நின்று பார்த்தால் இன்று தெரியாது. டர்பன்டைன் மரம் வைத்து மூடிவிட்டார்கள். அந்த வழியாக யாரும் யாரையும் பார்க்கப் போவதில்லை. அக்கரப்பத்தனைக்குப் போகவேண்டுமானால் ஹட்டனுக்கு வந்து பஸ் மாறவேண்டும். அதற்காகத்தான் அன்று நான் வந்திருந்தேன்.

ஹட்டனில் மழை விடவில்லை. கடைக்காரர் டியூபை டயருக்குள் சொருகிவிட்டுக் கை துடைத்துக்கொண்டு, பக்கத்துக் கடையிலிருந்து இரண்டு கோப்பைத் தேத்தண்ணி வரவழைத்தார். ஒன்றை என்னிடம் நீட்டினார்.

"வேணாங்க" என்றேன். நின்றுகொண்டுதான் இருந்தேன்.

அவர் முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை.

"சீனி சேக்கக் கூடாதா? சீனி வருத்தமா ஐயா?" என்றார்.

ஆமாம் என்றேன்.